பதினொரு மஞ்சள் துணிகள்

கனகராஜின் வாய் ஓய்ந்து பார்த்தவர்கள் ஈப்போவில் யாரும் இல்லை. தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். வயது ஐம்பத்து மூன்று. விடியற்காலை ஐந்தரைக்குப் புந்தோங்கில் முதல் ஆளை ஏற்றியதும் தொடங்கும் பேச்சு, மாலையில் கடைசி ஆளை இறக்கிவிட்ட பிறகும் நிற்காது. காலி பஸ்ஸோடு பேசிக்கொண்டேதான் வீட்டுக்கு வருவார் என்று அவருடைய மனைவி கலாதேவி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். கனகராஜ் அதை மறுத்ததே இல்லை. "பஸ்ஸாவது எதுத்துப் பேசாம கேக்குதுலா" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரே கூட்டாளி கேப்ரியல். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் கோப்பி ஆறிவிடும். கேப்ரியல் இருபத்தெட்டு வருடம் கல் குவாரியில், அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். அவர் அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கல்லின் சத்தத்தைக் கேட்டால்தான் இயந்திரம் ஒழுங்காக அரைக்கிறதா இல்லையா என்று தெரியுமாம். வேலையை விட்டு வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், "இனிமே எனக்கு ஒரு சத்தமும் வேணாம்" என்பதுதான். சொன்னது கனகராஜிடம். யாரிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள்.

இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து லயத்து வீட்டில் பிறந்தவர்கள். ஒரு வீட்டில் முருகன் படம், அடுத்த வீட்டில் மாதா படம், நடுவில் ஒரு பலகைச் சுவர். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது இரு குடும்பங்களும் ஈப்போவுக்கு வந்து ஒரே தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், குடியேறின. அந்தக் காலத்தை நினைத்து உருகுகிற வழக்கம் இருவருக்கும் கிடையாது. கொசுக்கடியையும், குழாயடிச் சண்டையையும் நினைத்து யார் உருகுவார்கள்?

சைக்கிள் வந்தது கோவிட் முடிந்த கையோடு. மனிதர்களை விட்டு விலகி இருக்கப் பழகிய ஊர், அந்தப் பழக்கத்தைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டது. ஆளுக்கொரு பழைய கிராவல் சைக்கிளை வாங்கினார்கள். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி. ஆனால் பருத்த டயர். கல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. தாமானின் பின்பக்கம் கிந்தா ஆற்றங்கரை. வெள்ளத்துக்காகப் போட்ட மண்கரை மேல் நாலு கிலோமீட்டர் போனால் அவர்கள் பிறந்த பழைய தோட்டம். அங்கிருந்து சடக்கு, மண் ரோடுதான், மலையடிவாரம்வரை ஏறி, ஓடையைத் தாண்டி, வளைந்து மறுபடி ஆற்றுக்கே வந்துவிடும். மொத்தம் பதினாலு கிலோமீட்டர். ஓரிடத்தில்கூடத் தார்ச் சடக்கு குறுக்கே வராது. கார், வேன் என்று ஒரு காடி கிடையாது, ஒரு லோரி கிடையாது. வாரத்தில் ஆறு நாள் நெரிசலில் பஸ்ஸை உருட்டும் கனகராஜுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் அந்தப் பாதைதான். அப்போதெல்லாம் கனகராஜ் முன்னால் பேசிக்கொண்டே போவார். கேப்ரியல் அந்தப் பேச்சு எட்டாத தூரத்தில் பின்னால் வருவார்.

போன வருடம் கேப்ரியலுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. டாக்டர் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாதென்று சொன்ன அன்றே அவருடைய மனைவி பெட்ரீசியா மோட்டார் சாவியை எடுத்து எங்கோ ஒளித்துவிட்டார். அடுத்து சைக்கிளுக்கும் ஆபத்து வந்தது. கேப்ரியல் சண்டை போடவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பெட்ரீசியா கனகராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணே, அந்தத் தோட்டத்து வழியில மட்டும் ஓட்டட்டும். காடி போற ரோட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது. ஒரு தடவ அடிபட்டு வந்தாருன்னா, அன்னிக்கே சைக்கிள வித்துடுவேன். சொல்லிட்டேன்."

கனகராஜ் தலையாட்டினார். வெளியே வந்ததும் கேப்ரியல் தம் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தார். "நீ கூட வராத மச்சான். நான் மொதல்ல போறேன். நீ இருவது நிமிஷம் கழிச்சு வா. எல்லாத்துக்கும் எனக்கு ஒரு ஆளு வேண்டியிருக்கு. இந்த ஒண்ணாச்சும் தனியா செய்யணும்லா."

அந்த வார்த்தை கனகராஜைக் குத்தியது. தம்முடைய பேச்சுக்குப் பயந்துதான் தள்ளிவைக்கிறான் என்று முதலில் நினைத்தார். பிறகு யோசித்துப் பார்த்தபோது, பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடப் பெட்ரீசியா எடுத்துக் கொடுக்கும் வீட்டில் இருக்கிற மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று புரிந்தது. தனியாகப் போவதென்றால் வழி தெரிய வேண்டும். பாதையில் பதினொரு திருப்பம். எல்லாப் பக்கமும் செம்பனை, எல்லாம் ஒரே பச்சை. கண் நன்றாக இருக்கிறவர்களே தடுமாறுவார்கள்.

கலாதேவி வீட்டிலேயே துணி தைப்பவர். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்களுக்கும் காவடி எடுப்பவர்களுக்கும் தைத்ததில் மிஞ்சிய மஞ்சள் துணி ஒரு கோணி நிறையக் கிடந்தது. தாமான் பந்துத் திடலின் ஒரு முனையில் கேப்ரியலை நிறுத்தி, மறுமுனையில் கலாதேவி ஒவ்வொரு துணியாக உயர்த்திப் பிடித்தார். சிவப்பு தெரியவில்லை. வெள்ளை தெரியவில்லை. மஞ்சளைத் தூக்கியதும் கேப்ரியல் கையை உயர்த்தினார். கனகராஜுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, திடலில் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று அறுந்தது.

அந்த வாரமே பதினொரு இடத்திலும் மஞ்சள் துணி கட்டினார். இடது பக்கத்து மரத்தில் கட்டியிருந்தால் இடது, வலதென்றால் வலது. இரண்டு துணி சேர்த்துக் கட்டியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது ஓடைப் பலகைப் பாலம். இவற்றில் ஏழாவதுதான் முக்கியம். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், இடது ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அங்கே இடது பக்கம் போனால் மலையடிவாரம். வலது பக்கம் போனால் தோட்டத்தில் இன்னும் மிச்சமிருக்கும் எட்டு வீடுகள். அதையும் தாண்டினால் மணல் லோரிகள் பேயாகப் பறக்கும் பெரிய ரோடு. ஆகவே ஏழாவதை மட்டும் கனகராஜ் மிகுந்த சிரத்தையோடு கட்டினார். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மரத்தைச் சுற்றி அகலமாக ஒரு முழுத் துணி. உயரம் எட்டாததால் ஓடையிலிருந்து ஒரு தட்டைக் கல்லைத் தூக்கிவந்து போட்டு அதன்மேல் ஏறி நின்றார். கீழே பாம்பு கீம்பு இருக்கப்போகிறதென்று சருகையெல்லாம் கூட்டித் தள்ளினார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு.

பெரிய மரம், கூட்டிய தரை, அடியில் ஒரு கல், இடுப்பில் மஞ்சள் துணி. தோட்டத்தில் பிறந்த குழந்தைகூட அதைப் பார்த்தால் என்னவென்று சொல்லிவிடும். தோட்டத்திலேயே பிறந்த கனகராஜுக்கு அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு கல்லின்மேல் குங்குமம் இருந்தது. அதற்கடுத்த வாரம் எலுமிச்சம்பழமும் ஓர் அகல் விளக்கும் வந்தன. மூன்றாவது வாரம் நாலு செங்கல்லை அடுக்கி, மேலே தகரம் போட்டிருந்தார்கள். கனகராஜ் முதலில் சிரித்தார். பிறகு யாருமில்லாதபோதும் சும்மா கடந்துபோக மனம் வராமல் இறங்கி, காலணியைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். தாம் கட்டிய துணிக்குத் தாமே கும்பிடு போடுவதைக் கலாதேவியிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் அவர் வைத்திருந்த ஒரே விஷயம் வாழ்நாளில் அதுவாகத்தான் இருக்கும்.

மாதங்கள் ஓடின. கேப்ரியல் முன்னால் போவார். இருபது நிமிடம் கழித்து கனகராஜ் கிளம்புவார். கடைசியில் ஆற்றோரத்துக் கடையில் இருவரும் பசியாறுவார்கள். கேப்ரியலின் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. வீட்டிலும் நாலு வார்த்தை பேசுகிறார் என்று பெட்ரீசியா சொன்னார். எல்லாம் நம் மஞ்சள் துணியின் வேலை என்று கனகராஜ் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அவர்களும் எத்தனை தடவைதான் கேட்பார்கள், பாவம்.

ஒரு சமயம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து கனகராஜுக்குக் கூடுதல் வேலை வந்ததால் இருவருமே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு வழக்கம்போலக் கேப்ரியல் ஏழு மணிக்குக் கிளம்பினார். ஏழு இருபதுக்கு கனகராஜ்.

ஆற்றில் தண்ணீர் குறைவு. கரையோரத்தில் கொக்குகள். மலைமேல் பனி இன்னும் கலையவில்லை. கனகராஜ் தமக்குத்தாமே ஏதோ பேசிக்கொண்டு சுகமாக மிதித்துப் போய்த் தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளை நிறுத்தியவர், அப்படியே நின்றுவிட்டார்.

வலது பக்கப் பாதையில் மஞ்சள் துணி தொங்கியது. ஒன்றல்ல. பாதையின் ஓரத்தில் மரத்துக்கு ஒன்றாக, ஏழெட்டு, புத்தம்புதுத் துணி. வா வா என்று கூப்பிடுவதுபோல வரிசையாகப் போயிற்று.

 மஞ்சளைப் பார்த்துத்தான் ஓட்டு என்று கனகராஜ் கேப்ரியலிடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். கைத்தொலைபேசியில் அழைத்தார். கேப்ரியல் சைக்கிளில் ஏறினால் அதை அணைத்துவிடுவார் என்பது அழைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வலது பக்கமே மிதித்தார். எட்டு வீடுகளில் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். தினேஸ்வரி என்று பெயர்; செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவர், முன்பு ஓரிரு தடவை கையசைத்திருக்கிறார்.

"தங்கச்சி, சைக்கிள்ல ஒருத்தரு இப்படிப் போனாரா? உயரமா, நீலத் தொப்பி?"

"நான் இப்பதான் வெளிய வந்தேன் அண்ணே. பார்க்கலியே."

"அந்தத் துணியெல்லாம் யாரு கட்டினது?"

"நாங்கதான். முனி வந்து மரத்துல உக்காந்துட்டாருலா, தெரியாதா? எங்க லெச்சுமி பதினோரு நாளா காணோம். மரத்துக்கிட்ட வேண்டிக்கிட்டேன், மறுநாளே தானா வந்து வாசல்ல நிக்கிது." தினேஸ்வரி மாட்டின் முதுகைத் தட்டினார். "நான் ஒண்ணு கட்டினேன். மத்த வீட்டுக்காரங்களும் வீட்டுலேருந்து மரம்வரைக்கும் கட்டிட்டாங்க."

"ஐயோ தங்கச்சி, மொதத் துணிய நான்தான்மா கட்டினேன்! கண்ணு தெரியாத கூட்டாளிக்கு வழி காட்டறதுக்கு! அந்தக் கல்லுகூட நான் ஏறி நின்ன கல்லு!"

தினேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கட்டினீங்க, சரி. உங்களைக் கட்டச் சொன்னது யாரு?"

கனகராஜ் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார்.  பெரிய ரோட்டுக்கு விரைந்தார். மண் சடக்கு தார்ச் சடக்கில் முட்டும் இடத்தில் ஒரு லோரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. அடுத்து இன்னொன்று. ரோட்டின் இரு பக்கமும் பார்த்தார். நீலத் தொப்பி இல்லை, சைக்கிள் இல்லை, நல்லவேளையாகக் கூட்டமும் இல்லை. முனியப்பா, மாதாவே என்று இரண்டு வீட்டுத் தெய்வத்தையும் சேர்த்துக் கூப்பிட்டார். பெட்ரீசியாவிடம் என்ன சொல்வது? துணி கட்டினேன், அதைச் சாமியாக்கிவிட்டார்கள், அதைப் பார்த்து உங்கள் வீட்டுக்காரர் லோரிக்கு முன்னால் போய்விட்டார் என்றா? ரோட்டோரத்தில் ஒரு கிலோமீட்டர் அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம் தேடினார். பிறகு வேறு வழி தெரியாமல் திரும்பி, இடது பக்கப் பாதையில், ஓடைப் பாலம் தாண்டி, ஆற்றங்கரைவரை நிற்காமல் மிதித்தார். 

ஆற்றோரத்துக் கடையில் கேப்ரியல் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டாவது கோப்பி.

"என்னடா, இன்னிக்கி இவ்ளோ லேட்டு?"

கனகராஜ் சைக்கிளைப் போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்தார். பேசுவதற்கு மூச்சு வேண்டியிருந்தது. "நீ... எந்தப் பக்கம்டா போனே? மரத்துக்கிட்ட?"

"எப்பவும் போற பக்கந்தான்."

"ரெண்டு பக்கமும் மஞ்சத் துணி தொங்குது! அந்தப் பக்கம் ஏழெட்டு! நான் பெரிய ரோடுவரைக்கும் போயி உன்னைத் தேடிட்டு வாரேன்!"

கேப்ரியல் கோப்பிக் குவளையைத் தடவி எடுத்தார். கனகராஜ் அப்போதுதான் அந்தத் தடவலைக் கவனித்தார்.

"எனக்குத் தெரியாது மச்சான். மஞ்சள் போயி ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு. இப்ப எல்லாமே புகை மாதிரிதான்."



"அப்ப எப்படிடா ஓட்டினே?"

"கேட்டுத்தான்." கேப்ரியல் விரலால் மேசையைத் தட்டிக் காட்டினார். "ஆத்தங்கரையில பொடி மணலு, டயரு சீறிக்கிட்டே ஓடும். தோட்டத்துல ஏறினா செம்மண்ணு, சத்தம் அமுங்கிடும். பெரிய மரத்துக்கிட்ட வேரு ரெண்டு தூக்குத் தூக்கும், சூடம் வாசம் வரும். அங்க வலது பக்கம் மண்ணு. இடது பக்கம் முக்கா இஞ்சுக் கல்லு கொட்டியிருக்கான். இருவத்தெட்டு வருஷம் கேட்ட சத்தம்லா. அரை இஞ்சா முக்கா இஞ்சான்னு தூக்கத்துலகூடச் சொல்லுவேன்."

கனகராஜுக்கு ஒன்று உறைத்தது. பேச்சுப் பிடிக்காமல்தான் தம்மைத் தள்ளிவைத்தான் என்று ஒரு மூலையில் இருந்த வருத்தம், இப்போது கரைந்துபோனது. கல்லின் சத்தத்தைக் கேட்டு வழி பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் ஒருவன் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தால் எப்படி?

"ஏன்டா சொல்லல?" கோபம்தான் முதலில் வந்தது. "வாராவாரம் நான் துணி வெளுத்துடுச்சான்னு பார்த்து மாத்திக் கட்டுறேன், நீ வாயைத் தொறக்கலியே!"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" கேப்ரியல் சிரித்தார். "அதோட, நீ அவ்ளோ ஆசையாக் கட்டினே. கெடுக்க மனசு வரல."

அவர் இடது கையை மேசைமேல் வைத்தபோது முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. காற்சட்டை தொடைவரை நனைந்திருந்தது.

"செம்பனை மட்டைய வெட்டிப் பாதையில போட்டிருக்கான். அதுல ஒரு தடவ விழுந்தேன். அப்புறம் பாலத்துல பலகைய விட்டுட்டேன். தண்ணி முழங்காலுக்குத்தான். ஆனா எந்தப் பக்கம் கரைன்னு தெரியல மச்சான். சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். ரொம்ப நேரம்." முழங்கையைத் தடவிக்கொண்டார். "பயந்துட்டேன்டா."

நாற்பது வருடத்தில் கேப்ரியலின் வாயிலிருந்து அந்த வார்த்தையை கனகராஜ் கேட்டதில்லை. இவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. கடைக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டாத ஒரு கோப்பியைச் சொன்னார்.

"தனியா ஓட்டுறது இதோட சரி" என்றார் கேப்ரியல். "பெட்ரீசியாகிட்ட நானே சொல்லிடுவேன். இந்தக் கையை எப்படியும் மறைக்க முடியாது."

"சைக்கிள வித்துடுவாங்கடா."

"விக்க மாட்டா. நீ முன்னாடி போனா."

"நான் முன்னாடி போயி என்னடா ஆகப் போகுது? நான் இருக்கிறது உனக்குத் தெரிஞ்சாத்தானே?"

"நீதான் பேசுவியே" என்றார் கேப்ரியல். "பேசிக்கிட்டே போ. நான் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டே வாரேன்."

கனகராஜ் அந்தக் கோப்பியைக் குடிக்கவே இல்லை.

கடையிலிருந்து தாமானுக்கு ஆற்றங்கரையில் இரண்டு கிலோமீட்டர். கனகராஜ் முன்னால் ஏறினார், கேப்ரியல் பின்னால். வெயில் வந்துவிட்டிருந்தது. மலைமேல் பனி கலைந்து சுண்ணாம்புப் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. பேச வேண்டும் என்று கனகராஜ் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. காலி பஸ்ஸோடு பேசுகிற மனிதருக்கு, கேட்க ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் வரும்போது, நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தடி போனார். இருபதடி போனார். பின்னால் பொடி மணலில் டயர் சீறும் சத்தம் மெல்லக் குறைந்து, நின்றே போனது.

"டேய்" என்று கேப்ரியல் கூப்பிட்டார். "எங்கடா இருக்கே?"

கனகராஜ் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். கேப்ரியல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, ஆற்றைப் பார்த்து நின்றார்.

"இங்கதான்டா மச்சான், நேரா வா, நேரா" என்றார் கனகராஜ். செருமிக்கொண்டார். "வலது பக்கம் கொஞ்சம் பள்ளம், நீ நடுவுலயே வா. அப்புறம் கேளு, அந்தத் தோட்டத்துல தினேஸ்வரின்னு ஒரு தங்கச்சி இருக்குலா, அதோட மாடு, லெச்சுமின்னு பேரு, பதினோரு நாளா காணோம்..."

டயர் மறுபடி சீறத் தொடங்கியது. கனகராஜ் தாமானின் பின்வாசல் வரும்வரை நிறுத்தவில்லை.